பச்சைக் கட்டத்துக்குள் தொண்ணூற்றொன்று

ஞாயிறு காலை ஒன்பது மணி. ஆஸ்திரேலியாவின் டல்லாரா ஆற்றுமுகக் கடற்கரையில் முப்பத்து நான்கு பிள்ளைகள் பந்தயத்துக்காக, படுத்துக் கையால் துழாவும் பலகைகளோடு அலைக்கு அப்பால் போயிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மெரெடித்தின் ஒன்பது வயது மகள் டில்லி. மெரெடித் கரையில், உயிர்காப்புச் சங்கத்தின் கூடாரத்துக்குள், ட்ரோன் அனுப்பும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு நூறு மீட்டர் தள்ளி நீளமாக ஒரு நிழல் நகர்ந்தது. சுறாவைக் கண்டுபிடிக்கவென்று வாங்கிய ஏ.ஐ. அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு, ‘டால்பின் 91%’ என்று எழுதியது. சுறாவென்றால் கட்டம் சிவப்பாக வரும்.

பச்சையைப் பார்த்த பிறகும் அவள் கண் அந்த நிழலை விட்டு நகரவில்லை.

சைரன் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் கடற்பாசித் திட்டைப் பார்த்து மிரண்டு அதை அழுத்தியவளும் அவள்தான். வீணாகக் கடற்கரையைக் காலி செய்தவர் ரோஜா நிற ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சாசேஜ் சுட வேண்டும் என்பது அந்தச் சங்கத்து வழக்கம். விளையாட்டுத்தான். அந்த விளையாட்டு எத்தனை பேர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று மட்டும் ஒருவரும் யோசித்ததில்லை.

தண்ணீரோரம் நின்ற தலைவர் கெல்வினை வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள்.

“கெல், ஒரு நிழல் தெரியுது. டால்பின், தொண்ணூத்தொண்ணுன்னு போட்டிருக்கு.”

“அப்ப டால்பின்தான். என் பசங்க தொண்ணூத்தொண்ணு வாங்கினா சைக்கிளே வாங்கிக் கொடுத்துடுவேன். என்ன மெரி, மறுபடியும் ஏப்ரன் மேல ஆசை வந்துடுச்சா?”

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அவள் வாக்கிடாக்கியை மேசையில் வைத்தாள்.

அந்தத் தொண்ணூற்றொன்றுக்கு என்னதான் அர்த்தம்? இந்தக் கருவியைக் கொடுத்தபோது அன்னெலீஸ் என்ற பயிற்சியாளர் சிட்னியிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தாள். மாடல், பயிற்சித் தரவு, கான்ஃபிடன்ஸ் என்று வார்த்தைகள் வந்து விழுந்தன. எல்லோரும் தலையாட்டினார்கள். பளபளப்பான வார்த்தை என்றால் நமக்கு அர்த்தம் கேட்கக் கூச்சம். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. மறுவாரமே பீரைக் கையில் வைத்துக்கொண்டு “நம்ம மாடல் நல்லா ட்ரெயின் ஆனது” என்று அக்காவிடம் அளந்தவள்தான் மெரெடித். இப்போது மகள் தண்ணீரில் இருக்க, தனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது உறைத்தது. அன்னெலீஸுக்குப் போன் போட்டாள்.

“அசட்டுத்தனமா ஒண்ணு கேக்குறேன். தொண்ணூத்தொண்ணுன்னா, நூறு தடவை சொன்னா தொண்ணூத்தோரு தடவை சரியா இருக்கும்னு அர்த்தமா?”

“அப்படி இல்ல. எவ்வளவு உறுதியா சொல்லுதுங்கிறதுதான் அந்த நம்பர். தப்பா இருந்தாலும் அதே உறுதியோட சொல்லும். தண்ணி எப்படி இருக்கு அங்க?”

“வெள்ளம் வந்ததுலேருந்து டீ மாதிரிதான் இருக்கு.”



“மெரெடித், அதுக்குக் காட்டிப் பழக்கின படமெல்லாம் தெளிஞ்ச தண்ணியில எடுத்தது. பயிற்சித் தரவுன்னு சொன்னேனே, அது அந்தப் படங்கதான். கலங்கின தண்ணியில சுறா எப்படி இருக்கும்னு அது பார்த்ததே இல்ல. தெரியலன்னு சொல்லவும் அதுக்குத் தெரியாது. தெரிஞ்சதுல எது கிட்டத்துல வருதோ அதைச் சொல்லிடும். நீ ஏன் இன்னும் என்கிட்ட பேசிட்டிருக்கே?”

மெரெடித் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

சைரன் ஊளையிட்டது. பலகைகள் ஒவ்வொன்றாகக் கரை நோக்கித் திரும்பின. டில்லி கடைசி, துடுப்புப் போடும் அந்தச் சின்னக் கைகள் கொஞ்சமும் அவசரப்படவில்லை. நிழல் திரையின் ஓரத்துக்குப் போய், திரும்பி, பிள்ளைகளிருந்த பக்கமாக வந்தது. பிறகு ஆழத்தில் இறங்கிக் காணாமல் போனது. தெரிந்தபோது இருந்ததைவிட, காணாமல் போனபோதுதான் அவளுக்கு உயிரே போய்விட்டது. நான்கு நிமிடம் கழித்து டில்லியின் கால் மணலில் பட்டது. முப்பத்து நான்கு தலையையும் எண்ணிவிட்டுக் கெல்வின் கூடாரத்துக்கு வந்தார். தோளில் ஏப்ரன்.

“எடுத்துக் கட்டிக்க. பத்து நிமிஷத்துல அடுத்த ரேஸை விட்டுடலாம்.”

“விடக்கூடாது கெல். அந்தத் தொண்ணூத்தொண்ணு அது தனக்குத்தானே போட்டுக்கிட்ட மார்க்கு. நம்ம தண்ணியில அது பரீட்சையே எழுதல.”

“மெஷினைவிட உனக்குத் தெரியுமாக்கும்?”

அவள் பதிவைப் பின்னுக்கு ஓட்டி, பெரிதாக்கி, மெதுவாக ஓடவிட்டாள். டால்பின் வாலை மேலும் கீழுமாக அடிக்கும், சுறா பக்கவாட்டில் அடிக்கும். அந்தக் கரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். திரையிலிருந்த வால் இடமும் வலமுமாக வீசியது. நிதானமாக, பச்சைக் கட்டத்துக்குள்ளேயே.

கெல்வின் குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய இரண்டு பையன்களும் அந்த முப்பத்து நான்கில் உண்டு.

“போன ஞாயித்துக்கிழமையும் தண்ணி இப்படித்தானே இருந்துச்சு” என்றார். “அன்னிக்கும் டால்பின்னு காட்டுச்சில்ல?”

மெரெடித் அன்றைய பதிவை ஏற்கெனவே திறந்திருந்தாள்.

“ஏழு தடவை” என்றாள். “பசங்க எல்லாரும் உள்ள இருந்தப்ப.”