ரெண்டு மொட்டை

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. கிடங்கின் முன்பண நோட்டில் என் பெயரில் நின்ற கடன். பெயர் என்றால் மொட்டை; நோட்டிலும் அப்படித்தான். இருபது வருட மூட்டை என் முதுகை முடித்துவிட்டது. வாசல் காவல் வேலை காலியானதும் போய்க் கேட்டேன். "முன்பணத்தை அடைச்சிட்டு நாற்காலியில உட்காரு," என்றார் முதலாளி.

அந்த வாரம் கணக்கம்மா நோட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். வெளியாள் வைக்க முதலாளிக்குக் கை வரவில்லை. இவரே புத்தகம் பார்த்து, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் கோட் எழுதக் கற்றார். சாப்பாட்டு நேரத்தில் நான் நோட்டை வாசிப்பேன், அவர் தட்டுவார். போன வருடம்தான் எழுத்துக் கற்றவன் நான், வாசிக்கச் சொன்னால் விடுவேனா?

"கணக்கையெல்லாம் கட்டம் கட்டி வச்சிருக்கிற டேபிள்கிட்ட அதோட பாஷையில பேசவே வேணாம்ணே. தொழிலாளின்னு ஒரு அச்சு செஞ்சு வச்சிருக்கேன். 'இவரோட முன்பணமெல்லாம் குடு'ன்னு கோட்ல கேட்டா, நடுவுல ஒருத்தன் மொழிபெயர்த்து எடுத்துட்டு வந்துடுவான்."

"அவனுக்குச் சம்பளம்?"

"கிடையாது."

"முதலாளி காதுல போட்டுடாதீங்க. நம்மளையும் அப்படிக் கேப்பாரு."

என் பக்கம் வந்தது. மொட்டை என்ற தொழிலாளியைக் கேட்டார். திரையில் சிவப்பு எழுத்து.

"ஒருத்தரைக் கேட்டா ரெண்டு பேர் இருக்காங்கங்குது!"

வருகைப் பதிவேட்டிலிருந்து ஆட்களை முன்பே ஏற்றியிருந்தார். முப்பத்தொன்றாம் எண் மொட்டை நான். எண்பத்தேழாம் எண் மொட்டை ஐந்து வருடம் முன் வேலையை விட்டவன். முன்பண நோட்டில் எண் கிடையாது. இருவருக்கும் ஒரே பக்கம்.

"'முதல் ஆளை எடுத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை எழுதினா வேலை முடிஞ்சுது," என்றார். விரல் நகரவில்லை. "எழுத மாட்டேன். முதல் ஆள் நீங்க. மொத்தமும் உங்க மேல விழும்."

ஐந்து வருடம் முதலாளி யோசிக்காமல் என் தலையில் கட்டியதை அந்தக் கம்ப்யூட்டர் கட்ட மறுத்தது. அவரும் மறுத்தார்.

"எது யாரோடதுன்னு எப்படிப் பிரிக்கிறது?" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார்.

முதலாளி மேசையில் பூட்டிக் கிடந்த நோட்டு. அன்றுதான் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன். சில வரிகளின் ஓரத்தில் கட்டைவிரல் மை. மற்றதில் நெளிநெளியாய்க் கையெழுத்து.

"கணக்கம்மா, அப்ப எனக்குக் கையெழுத்து ஏது? மை வச்சது மட்டும்தான் நான்."

ஒவ்வொரு வரியையும் அதனதன் எண்ணோடு கட்டினார். என் வாரக் கூலியில் பிடித்ததெல்லாம் என் எண்ணுக்கு வந்தது. பாக்கி எழுநூற்று நாற்பது.

முதலாளி நோட்டை மூன்று தடவை புரட்டினார். "அவனை இனி எங்க போய்ப் பிடிக்கிறது?"

"அதை எண்பத்தேழுகிட்டத்தான் கேக்கணும்," என்றார் கணக்கம்மா.

"சரி, தொலையட்டும். உன் பாக்கியை வச்சிட்டு வாசலுக்குப் போ."

சட்டைப்பையிலிருந்து எண்ணி வைத்தேன். திரையில் பூஜ்யம். எழுந்தேன்.

"இருங்கண்ணே. இது இன்னும் கோட்லதான் இருக்கு. சேமிச்சாத்தான் டேபிளுக்குப் போகும்."

இன்னும் ஒரு வரி எழுதித் தட்டினார். பிறகு டேபிளையே திரும்பக் கேட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன்: முப்பத்தொன்று, மொட்டை, பாக்கி இல்லை.