எண்பது மடங்கு

பார்சல் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் அந்த அலுவலகத்தில் பழைய ஃபங்ஷன் ஒன்று, அதாவது ஒரு சின்ன நிரல், இருந்தது. காலையில் கலைந்து கிடக்கும் முகவரிப் பட்டியலை வாங்கி, தெரு வாரியாக அடுக்கிக் கொடுப்பது அதன் வேலை. அது ஒழுங்காக அடுக்கினால் வேன் ஓட்டுகிறவர் ஒரு தெருவுக்கு ஒரு தடவைதான் போவார். அடைத்துக்கொள்ளாத சாக்கடையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஃபங்ஷனையும் எழுதியவளைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. அவள் இரண்டாம் மாடியில் 'பராமரிப்புப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். பிரிவு என்றால் அவள் ஒருத்திதான்.

அவள் கணவனுக்கும் அதே அலுவலகம், மூன்றாம் மாடி. மூன்றாம் மாடியில் புதிது புதிதாகச் செய்வார்கள். இரண்டாம் மாடியில் அதையெல்லாம் பொறுத்துக்கொள்வார்கள்.

அலுவலகத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மின்னல். வாய்க்கு வாய் மின்னல் வேகம் என்பார். அவரிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும்.

மின்னல் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். இனிமேல் எல்லாமே வேகம்தான் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்த கையோடு, முகவரி அடுக்கும் ஃபங்ஷனைப் புதிதாக எழுதும்படி அவள் கணவனிடம் சொன்னார். புதுசு வேகமாக இருந்தால் அவன் மேனேஜர். பழசைத் தூக்கிவிடலாம். பழசு போனால் அதைப் பராமரிக்கிறவளுக்கு இங்கே என்ன வேலை? ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில் ஒரு கிளை இருந்தது. அங்கே மாற்றல். இதை அவர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தே சொன்னார். ஒரே குடும்பத்தில் இரண்டு மாற்றங்கள் என்பதால் காப்பி வரவழைத்தார்.

வீட்டில் ஆபீஸ் பேச்சு பேசுவதில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அது சாப்பாட்டு நேரம் வரை தாங்கியது. அவனுக்கு இதில் துரோகம் எதுவும் தென்படவில்லை. எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன், அளந்தால் எண் சொல்லட்டும் என்றான். எண் சொல்லட்டும் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் அவள் சொன்னபோது அடுப்படியில் ஒரு மூடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

ஒரு ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பது பெரிய வித்தை இல்லை. ஓடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஓடி முடித்ததும் பார்க்க வேண்டும், கழிக்க வேண்டும். ஒரு தடவை ஓடியதை நம்ப முடியாது. அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் வேறு ஏதாவது வேலைக்கு ஓடியிருக்கும். அதனால் ஆயிரம் தடவை ஓடவிட்டுச் சராசரி எடுப்பார்கள். பெஞ்ச்மார்க் என்பது இவ்வளவுதான். மின்னல் இதற்கென்று ஒரு அறையை ஒதுக்கி, கதவில் 'அளவை நடைபெறுகிறது, அமைதி' என்று ஒட்டவைத்தார். வேறு யாராவது சர்வரைத் தொட்டால் எண் கெட்டுவிடும் என்று கேள்விப்பட்டவர், எல்லா மாடிக்காரர்களையும் எழுப்பி மாடிப்படியில் நிற்கவைத்தார். நொடியில் ஒரு சிறு பங்கை மிச்சம் பிடிப்பதற்காக அலுவலகம் மத்தியானம் முழுக்கப் படிக்கட்டில் நின்றது. பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல் இருக்கிறது என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

கதவு திறந்தது. புதுசு, பழசைவிட எண்பது மடங்கு வேகம். நேரம் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கத்தோடு வந்திருந்தது. புள்ளிக்குப் பின்னால் அத்தனை இலக்கம் நிற்கும்போது அதைச் சந்தேகப்படுவது மரியாதையாக இராது. படிக்கட்டில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கீழ்ப்படியில் நின்ற அவளும் தட்டினாள். அன்று சாயங்காலமே அவள் கையில் மாற்றல் உத்தரவைக் கொடுத்தார்கள். மின்னலின் கையெழுத்து அன்றைக்கே விழுந்திருந்தது. உண்மையிலேயே எண்பது மடங்கு வேகம்தான்.

வாசலில் தொங்கவிட ஒரு பேனர் அடிக்கச் சொன்னார் மின்னல். அந்த வேலை அவளுடைய அண்ணனுக்குப் போனது. அவர் அச்சகம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேனரைத் தங்கை வீட்டுக்கே கொண்டுவந்து கூடத்தில் விரித்துக் காட்டினார். எண்பதில் உள்ள பூஜ்யம் மட்டும் சோபா நீளம் இருந்தது. மாப்பிள்ளை காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தான்.

கட்டில்மேல் அவளுடைய பெட்டி திறந்தபடி கிடந்தது. பாதி துணி உள்ளே போயிருந்தது. கூடத்துக்கு வந்தவள் அவன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் எழுதிய ஃபங்ஷனை அவள் முன்பே படித்துவிட்டிருந்தாள். அதை அளந்த நிரலைப் படித்ததில்லை, வேறு யாரும்கூடப் படித்ததில்லை.

"புதுசுக்குக் குடுக்கற பட்டியலைக் கலைச்சுவிடறது எங்க?" என்று கேட்டாள்.

"மேலேயே இருக்கு பாரு. ஆயிரம் தடவை சுத்தற லூப்புக்கு முன்னாடி."

"முன்னாடின்னா ஒரு தடவைதானே?"

"ஆமா, ஒரு தடவை..." என்று இழுத்தவன், திரையை எட்டிப் பார்த்தான்.

பழசு தனக்குக் கொடுத்த பட்டியலைத் தொடாது. அடுக்கிய நகலைத் தனியாகத் தரும். அதனால் ஆயிரம் தடவையும் அதற்குக் கலைந்த பட்டியல்தான் கிடைத்தது. புதுசு, வாங்கிய பட்டியலையே மாற்றி அடுக்கிவிடும். முதல் தடவை அது பாடுபட்டு அடுக்கியது. அடுத்த தடவையிலிருந்து அதன் கைக்கு வந்தது அதுவே அடுக்கி வைத்த பட்டியல்.

"என்ன மாப்பிள்ளை, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள் அவள். "மொதல் தடவை துணிய மடிச்சாரு. அப்புறம் மடிச்ச துணியவே தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, எல்லாம் நான் மடிச்சதுன்னு கணக்கு எழுதிட்டாரு."

"அது எல்லா வீட்லயும் நடக்கறதுதானே," என்றார் அவர்.

ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் புதிதாகக் கலைத்துவிட்டு ஓடும்படி அவன் லூப்பைத் திருத்தினான். படிக்கட்டில் யாரும் நிற்கவில்லை. அண்ணன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். புதுசு, பழசைவிட மூன்று மடங்கு மெதுவாக ஓடியது. திரும்ப ஓடவிட்டான். மறுபடியும் அதேதான்.

அண்ணனுக்குப் பேனர் கவலை. எண்பதுக்கு மேலே தாள் ஒட்டி மறைத்துவிடலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டால் போகிற வருகிறவர்கள் தள்ளுபடி விற்பனை என்று நினைத்து உள்ளே வந்துவிடுவார்கள் என்றார்.

"சொல்லப்போறீங்களா?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

பல் டாக்டரைப் பார்க்கணும் என்று சொல்கிற குரலில், சொல்றேன் என்றான். அவள் பெட்டியில் எதையும் எடுத்து வைக்கவில்லை, உள்ளே இருந்ததை வெளியே எடுக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் மின்னலின் அறைக்குப் போனவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். மின்னல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதற்குள் எண்பது என்ற எண்ணை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்லி முடித்திருந்தார்.

"அப்ப எண்பது பொய்யா தம்பி?"

"பொய் இல்ல சார். ஏற்கெனவே அடுக்கின பட்டியலா இருந்தா எண்பது மடங்குதான்."

"அப்ப அடுக்கின பட்டியலையே குடுப்போம்."

வாடிக்கையாளர்கள் கலைந்த பட்டியலைத்தான் அனுப்புவார்கள், அடுக்குவதற்குத்தானே நம்மிடம் வருகிறார்கள் என்று அவன் எடுத்துச் சொன்னான். மின்னல் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்ததும், இப்போது நம்மிடம் நன்றாக அடுக்குவது எது என்று கேட்டார். பழசு என்றான். பிறகென்ன என்றார் மின்னல்.

பத்து மணிக்குக் கூட்டம். முகவரிப் பட்டியல் இனி இரண்டு கட்டமாகப் போகும். முதலில் பழசு பட்டியலை வாங்கி அடுக்கும். அதற்கு முன்தயாரிப்பு என்று பெயர். அடுக்கியதைப் புதுசு வாங்கி அடுக்கும். அதற்கு அடுக்குதல் என்று பெயர். நேரத்தை இரண்டாவது கட்டம் தொடங்கும்போதுதான் அளக்கத் தொடங்குவார்கள். பார்சல் கம்பெனிக்குப் பட்டியல் முன்னைவிடச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும் என்று கணக்குப் பிரிவுக்காரர் முணுமுணுத்தார். அது அளவைக்கு வெளியே உள்ள விஷயம் என்று மின்னல் விளக்கினார்.

பழசு ஓட வேண்டும் என்றால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். மாற்றல் உத்தரவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்ன மின்னல், தொழில்நுட்ப ரீதியாக ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று அவளைக் கேட்டார். கணவனை விட்டால், அந்த அறையில் அதைச் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அடுக்கியதை அடுக்குவது வெட்டி வேலை என்று நாலே வார்த்தையில் முடிந்திருக்கும். புதுசைத் தூக்கி எறிந்திருப்பார்கள். எண் பொய்யாகியிருக்கும். எண் பொய்யானால் மின்னல் தன் முகத்தைக் காப்பாற்ற யார்மேலாவது பழி போட வேண்டியிருக்கும். அந்தப் பழி எந்த மாடிக்குப் போகும், யாரை ரயில் ஏற்றும் என்பது அவளுக்குத் தெரியும். கணவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்சேபம் இல்லை என்றாள். குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

பேனர் வாசலில் ஏறியது. இரண்டாம் மாடியில் பலகை மாறி, முன்தயாரிப்புப் பிரிவு ஆனது. அவனுக்கு மேனேஜர் உத்தரவு வந்தது. இந்தக் கையெழுத்துக்கும் தாமதம் ஆகவில்லை.

சாயங்காலம் அவள் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவன் அறை வாசலில் நின்றான்.

"நீ வேணாம்னு சொல்லியிருக்கலாம்," என்றான்.

"சொல்லியிருக்கலாம். யாராவது ஒருத்தர் இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

"என்னோடது ஒரு வேலையும் செய்யல, தெரியுமில்ல?"

"செய்யுதே," என்றாள். "நான் அடுக்கினதை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாத்துட்டு, சரியா இருக்குன்னு அனுப்பி வைக்குது. நம்ம ஆபீஸ்ல அந்த வேலைக்கு மேனேஜர்னுதான் பேரு."

அவன் காலியான பெட்டியை வாங்கிப் பரண்மேல் தூக்கி வைத்தான்.