இடப்பக்கத்து வெயில்

அப்பாவைத் தூக்கிக் காரின் முன்சீட்டில் உட்கார வைக்க டெரல் ஒருவனே போதும் என்றாகியிருந்தது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தவரைத் தூக்க இரண்டு பேர் திணறினார்கள். இப்போது சாரோங்குக்குள் கால்கள் இருப்பதே தெரியவில்லை. வயிறு மட்டும் உப்பி, சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் போட முடியாமல் விரிந்து கிடந்தன.

"கதவ அடிச்சுச் சாத்தாத," என்றார் ஹியூபர்ட். நாலு வார்த்தைக்கு மூச்சு வாங்குகிறவர் இதைச் சொல்ல மட்டும் மூச்சைச் சேர்த்து வைத்திருந்தார்.

டெரல் கதவைப் பொருத்தி உள்ளங்கையால் மெல்லத் தள்ளினான்.

அம்மா வெரோனிக்கா வாசலில் நின்றாள். கையில் தலையணை, தண்ணீர் போத்தல், துண்டு. போகக் கூடாது என்று விடிந்ததிலிருந்து சொல்லிவிட்டுக் கடைசியில் அவளும் கிளம்பியிருந்தாள். ஈரல் புற்று முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிய நாளிலிருந்து கோல சிலாங்கூரில் மழை விடவில்லை. ஒவ்வொரு காலையும் ஹியூபர்ட் கேட்டது ஒன்றே ஒன்று, வெயில் வந்ததா என்று. இன்று வந்துவிட்டது. கஞ்சியைத் துப்பிவிட்டு, காரை எடு என்றார்.

வெரோனிக்கா சாவுக்குப் பயப்படவில்லை. அது வரும் என்று அவளுக்குத் தெரியும். ரோட்டில் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் பயம். அவள் தம்பி ஈப்போவிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இறந்தவன். போலீஸ் வந்து, சவக்கிடங்குக்குப் போய், அறுத்துத் தைத்துத்தான் கொடுத்தார்கள். அந்த உடம்பைக் குளிப்பாட்டியவள் அவள். கோணி தைக்கிற மாதிரி தைத்திருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வாள். அப்பாவுக்கு நோய் என்று ஆஸ்பத்திரிக் காகிதமே இருக்கிறது, அறுக்க மாட்டார்கள் என்று டெரல் சொல்லிப் பார்த்தான். அவளுக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை.

"எது நடந்தாலும் அவரு கட்டில்ல நடக்கணும்," என்றாள். "எனக்கு அது ஒண்ணுதான்டா வேணும்."

"சுங்கை புரோங் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேம்மா. கட்டில்ல கொண்டாந்து போடுறது என் பொறுப்பு."

அவள் பின்சீட்டில் ஏறினாள்.

அது எழுபத்தாறாம் வருட டட்சன். வெண்ணெய் நிறம். எஸ்டேட்டில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த ஹியூபர்ட், ஊரை விட்டுப் போன கணக்கெழுதும் கிராணி ஒருவரிடம் வாங்கியது. வெயிலடிக்கிற சனிக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். கழுவி, பழைய பனியன் துணியால் ஈரம் ஒற்றி, மெழுகு போட்டுத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து இன்ஜினை மூடும் பானட்டின் முனைகளில் பெயிண்டே போய் அடியிலிருந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அதையும் தேய்த்தார். பிறகு ஒரு சுற்று ஓட்டி வருவார். மழையில் ஒரு சொட்டு நனைய விட்டதில்லை. செரண்டா தொழிற்சாலையிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் டெரல் செய்ததும் இதே வேலைதான். இந்த மழையில் அதுவும் நடக்கவில்லை. கொட்டகைக்குள்ளேயே இன்ஜினைச் சூடேற்றிவிட்டுக் கித்தானால் மூடி வைப்பான்.

இன்று தண்ணீர், எண்ணெய் இரண்டும் பார்த்தாயிற்று. ஆறின இன்ஜினைக் கிளப்பும் சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினான். இரண்டாம் முறை பிடித்தது. ஹியூபர்ட் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சோக்க உள்ள தள்ளு."

"இன்னும் சூடாகலப்பா."

"ஆயிருச்சு. புதுசா மைவி காரு ஓட்டுற பயலுக்குக் காது எங்க இருக்கு."

ஆற்றுப் பாலம் ஏறும்போது பாசிர் பெனம்பாங் மீனவர் குப்பத்துப் பக்கமிருந்து கருவாட்டு வாடை வந்தது. ஹியூபர்ட் கண்ணாடியை முழுக்க இறக்கச் சொல்லி, இடக்கையை ஜன்னல்மேல் வைத்துக்கொண்டார். முழங்கை எலும்பு தகரத்தில் இடித்து இடித்துச் சத்தம் வந்தது. வெரோனிக்கா துண்டை மடித்து எட்டி அடியில் சொருகினாள். அவர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தஞ்சோங் காராங்கில் சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். ஹியூபர்ட் தாடையை ஒரு அங்குலம் தூக்கி அதை ஏற்றுக்கொண்டார். பல நாளாக அந்த முகத்தில் டெரல் பார்க்காத திமிர்.

டவுன் தாண்டியதும் வயல். நட்டு முடித்த நெல்லுக்கு இடையில் தண்ணீர் வெயிலைத் திருப்பி அடித்தது. காற்றில் அவருடைய மீதி முடி எழுந்து நின்றது.

"உங்கம்மா பின்னாடி செபம் சொல்றா," என்றார். "காருக்கா எனக்கான்னு கேளு."

"ரெண்டும் பழசு," என்றாள் வெரோனிக்கா. "ரெண்டுக்கும்தான்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியது. சுங்கை புரோங் வந்ததும், திரும்பலாமா என்று டெரல் கேட்டான். ஜன்னல்மேல் இருந்த விரல்கள் கொஞ்சம் எழுந்து முன்னால் காட்டின. இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். டெரல் வாய்க்காலை ஒட்டிய ரோட்டில் இறக்கி, கூடக் கொஞ்ச தூரம் போனான். அவசரப்படவில்லை. வாய்க்கால் பாலத்தருகில் இடம் பார்த்துத் திருப்பினான்.

வேறு யார் ஓட்டினாலும், திருப்பத்தில் ஹியூபர்ட் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். இந்த முறை மிதிக்கவில்லை. வண்டி வளைந்த பக்கத்துக்கு உடம்பும் வளைந்து, தலை கதவுச் சட்டத்தில் முட்டி அங்கேயே நின்றது.

டெரல் ரோட்டைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே போன பெல்ட் எழவில்லை. அடுத்த மின்கம்பம் வரும்வரை பார்த்துக்கொண்டே ஓட்டினான். எழவில்லை.

"தூங்கிட்டாரா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"ம்."

யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான், இனி வீடு வரைக்கும் இதைச் சுமக்க வேண்டும் என்று புரிந்தது. நிறுத்தினால் அவள் கத்துவாள். வயலில் வேலை செய்கிறவர்கள் ஓடி வருவார்கள். யாராவது ஆம்புலன்சுக்குப் போன் அடிப்பார்கள். நல்ல மனசோடுதான் அடிப்பார்கள். பிறகு எதுவும் அவன் கையில் இருக்காது.

அவள் எட்டி, தலைக்கும் கதவுக்கும் நடுவில் தலையணையைச் சொருகினாள். கையைத் திரும்ப எடுக்கவில்லை. செபம் நின்றுபோயிருந்தது. தெற்கே திரும்பியதும் காலை வெயில் அப்பாவின் பக்கம் வந்து, ஜன்னலில் கிடந்த இடக்கைமேல் முழுக்க விழுந்தது.

தஞ்சோங் காராங்குக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. லோரி ஒன்று செம்பனைக் குலைகளை ரோட்டில் கொட்டியிருந்தது. இரண்டு பேர் கொக்கிக் கம்பியால் இழுத்து ஓரம் போட்டார்கள். ஒரு போலீஸ்காரன் ஒற்றை வழியாக வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தான்.

ஓடினால் காற்றில் ஆறும், வெயிலில் நின்றால் சூடேறும் வண்டி அது. சூட்டில் அணைத்துவிட்டாலோ ஆறும்வரை மறுபடி பிடிக்காது. டெரல் அணைக்கவில்லை. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறியது. வரிசை நகரவில்லை. முள் சிவப்புக் கோட்டை நெருங்கியபோது பானட் இடுக்கில் ஆவி கசிந்தது.

போலீஸ்காரன் பார்த்துவிட்டான். நடந்து வந்தான். இளம் வயது மலாய்க்காரன். சுற்றி வந்து பானட்டைத் தடவ நினைத்து, சூட்டில் கையை எடுத்துக்கொண்டான். சிரித்தான். என்ன வருடம் என்று மலாயில் கேட்டான். எழுபத்தாறு என்றான் டெரல். தன் தாத்தாவிடமும் இதே கார் இருந்தது, இதே நிறம் என்றான் அவன். பேசிக்கொண்டே இடப்பக்க ஜன்னலுக்கு வந்து குனிந்தான். அவன் தொப்பியின் நிழல் அப்பாவின் முகத்தில் விழுந்தது.

பாக்சிக், அந்தப் பெரியவர், தூங்குகிறாரா என்று கேட்டான்.

டெரல் சூடு காட்டும் முள்ளையே பார்த்தான்.

"தீடோர் லா, என்சிக்," என்றாள் வெரோனிக்கா பின்னாலிருந்து. "பெனாட். டாரி தாடி ஜாலான் ஜாவு."

தூங்குகிறார், களைப்பு, ரொம்ப தூரம் வந்தோம். சந்தையில் காய் வாங்குகிற குரல். டெரல் கண்ணாடியில் பார்த்தான். அவள் போலீஸ்காரனைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். தலையணைக்கு அடியில் அவள் கை அப்பாவின் சட்டைக் காலரை முறுக்கிப் பிடித்து, அவரை நிமிர்த்தி வைத்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. எப்போதிலிருந்து பிடித்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

போலீஸ்காரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், தூங்குகிறவரை எழுப்பாமல் இருக்க. எதிரே வந்த வண்டிகளை நிறுத்தி, இந்தக் காரை மட்டும் முதலில் போகச் சொல்லிக் கையசைத்தான்.

காற்று உள்ளே வந்ததும் முள் இறங்கியது.

"குழியில விடாம ஓட்டு," என்றாள் ஒரு முறை.

வீட்டில் இறக்கும்போது கனத்தார். டெரல் வாசற்படியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனான். வெரோனிக்கா அவனுக்கு முன்னால் ஓடிப் படுக்கையைத் தட்டி விரித்திருந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஈரத்துணியால் உதட்டில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள். காற்றில் கலைந்த முடியைச் சீவினாள். தாடையைக் கையால் அழுத்தி, மூடிக்கொள்ளும்வரை பிடித்திருந்தாள். டெரல் வலக்கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தான். குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

அவள் போர்வையை இழுத்து விட்டாள். கட்டிலைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"இப்பப் போயி தங்கமணியக் கூப்புடு."

"எப்பன்னு கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

பக்கத்து வீட்டுத் தங்கமணி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். அடுப்பங்கரையிலிருந்து மஞ்சள் கறை படிந்த கையோடு வந்தாள். இடப்பக்கம் நின்று குனிந்து மணிக்கட்டைப் பிடித்தாள். விட்டுவிட்டு, முழங்கை வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"சூடு இன்னும் அப்படியே இருக்கேக்கா. இப்பத்தான் போயிருக்கு."

"ஆமா," என்றாள் வெரோனிக்கா. "இப்பத்தான். கட்டில்லயே."

தங்கமணிக்கு அழுகை வந்தது. மறு கையையும் பிடித்துக்கொள்ளக் கட்டிலைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். டெரல் அப்பாவின் வலக்கையைப் போர்வைக்குள் தள்ளி, போர்வையின் ஓரத்தின்மேல் உட்கார்ந்தான்.