கலிமாவுக்குப் பின் ஒரு சொல்

மூன்றாவது குடத்துத் தண்ணீரை ரதுவான் தன் பாபாவின் வலது தோளில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அடைத்திருந்த கதவுக்கு வெளியே யம்மா யாரிடமோ சொல்வது கேட்டது.

"கலிமா சொல்லிட்டுத்தான் போனார். என் காதால கேட்டேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல."

குடம் அப்படியே நின்றது. இறந்தவரைக் குளிப்பாட்ட வந்தவர் நிமிர்ந்து பார்த்து, "விடாம ஊத்துங்க தம்பி" என்றார். ரதுவான் ஊற்றினான். அவன் இன்னும் விமானிச் சட்டையில்தான் இருந்தான். தோளிலிருந்த பதவிப் பட்டைகளை மட்டும் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டிருந்தான்.

அன்று காலை பத்து நாற்பதுக்கு அவன் அல்ஜியர்ஸிலிருந்து ஏடிஆர் விமானத்தைச் சொந்த ஊரான பிஸ்க்ராவில் இறக்கினான். வேறொரு விமானியிடம் அதை ஒப்படைத்துவிட்டு, பதினொன்று பத்துக்கு வீட்டின் பின்வாசலில் காரை நிறுத்தினான். முன்வாசலில் நிறுத்தியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. அங்கே தங்கை நவாலை நிற்க வைத்திருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: பாபா கலிமா சொல்லிவிட்டார், இனி யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவேண்டாம். இறைவன் ஒருவனே என்ற கலிமா கடைசிச் சொல்லாக நின்றால் சொர்க்கம்; சொன்ன பிறகு வேறு பேச்சுப் பேசவைத்தால் அதுவே கடைசிச் சொல்லாகிவிடும், மறுபடி சொல்லவைக்க உயிர் காத்திருக்குமோ என்னவோ. இந்த ஒரு கலிமாவுக்காக யம்மா ஆறு மாதமாகத் தொழுகைப் பாயிலேயே கிடந்தாள். அவள் கணவர் லார்பி, பள்ளிவாசலுக்குப் பெருநாளன்று மட்டும் போன மனிதர். அது அவளுக்கு நாற்பது வருடத்துப் பயம்.

பின்வாசல் வழியாக வந்த ரதுவானுக்கு இது எதுவும் தெரியாது. யம்மா இமாமுக்குத் தொலைபேசியில் சொல்ல முன்னறைக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கு மறுபக்கம் பாபாவின் பழைய துணை விமானி மஸ்ஊத் குனிந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் ரதுவான் நினைத்தான். பாபாவின் வலது காது எப்போதோ போய்விட்டது. துணை விமானியின் பேச்சுக் கேட்கவேண்டுமென்று அந்தக் காதை மட்டும் மூடாமல் இருபது வருடம் பறந்ததில், அவர் ஓட்டிய ஃபோக்கர் விமானத்தின் இரண்டு டார்ட் இன்ஜின்களும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. எனவே இடது காதில் வாயை வைத்து, வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பதைத்தான் ரதுவான் கேட்டான்.

"எது நல்ல விமானம், கேப்டன்?"

அது அவர்களுக்குள் வழக்கம். ரதுவான் ஓட்டும் ஏடிஆரில் சாமான் ஏற்றும்போது வால் தரையில் தட்டாமலிருக்கப் பின்னால் ஒரு முட்டுக்கம்பு வைப்பார்கள். "கைத்தடி ஊன்றுறது கிழவன்டா, விமானம் இல்ல" என்பார் பாபா. பிறகு அவரே கைத்தடி ஊன்ற ஆரம்பித்தபோது, "நீங்களும் ஏடிஆர் ஆயிட்டீங்க" என்று இவன் சொல்லி, அந்தக் கைத்தடியாலேயே முழங்காலில் ஓர் அடி வாங்கினான்.

பாபாவின் உதடு பிரிந்தது.

"ஃபோக்கர்."

பிறகு ஒரு மூச்சு வெளியே வந்தது. அடுத்தது வரவில்லை. ரதுவான் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பதிமூன்று. தொழில் பழக்கம், எது நடந்தாலும் முதலில் நேரத்தைப் பார்க்கவைக்கும். ஐந்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத்தான் யம்மாவைக் கூப்பிட்டான். நவால் ஓடிவந்து, அழுகையோடு அழுகையாக, "நல்லவேளை, கலிமா சொன்னப்புறம் யாரும் பேசவே இல்ல" என்றாள். அப்போதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. தான் வரும்போதே எல்லாம் முடிந்திருந்தது என்று சொல்லிவிட்டான்.

மாலை அசர் தொழுகைக்கு முன் வாசல் ஈச்சமரத்தடியில் ஓய்வுபெற்ற விமானிகள் கூடிவிட்டார்கள். முதலில் இறந்தவரைப் பற்றித்தான் பேசினார்கள். ஜெட் ஓட்ட வரச் சொல்லி மூன்று முறை கடிதம் வந்தும் லார்பி போகவில்லையே என்று ஒருவர் ஆரம்பிக்க, பேச்சு விமானத்துக்குப் போய்விட்டது. மணல்காற்றில் குறுக்கே தள்ளும்போது ஃபோக்கரைப் போலக் கைக்கு அடங்குவது எதுவுமில்லை என்றார் ஒருவர். டாஷ் எட்டில் ஒருமுறை ஏறியவன் அப்படிச் சொல்லமாட்டான் என்றார் இன்னொருவர். அது தரையில் இறங்குவதில்லை, விழுகிறது என்றார் மூன்றாமவர். யாரோ சிரித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பும் வழியில் ரதுவான், மஸ்ஊதின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். அவர் செவிட்டுக்கு உரக்கப் பேசவேண்டும். கூட்டம் முன்னால் போகட்டும் என்று நடையைக் குறைத்தான்.

"நீங்க முழிச்சுத்தானே இருந்தீங்க, மஸ்ஊத் ஐயா?"

"முழிச்சுத்தான் இருந்தேன்."

"கேட்டுச்சா?"

"எனக்கு எங்க கேக்குது. உதட்டைப் பாத்தேன்." பத்தடி நடந்தார். "அந்த வார்த்தைக்கு அவன் உதடு எப்படிக் குவியும்னு இருபது வருஷம் பக்கத்து சீட்டுல பாத்தவன் நான்."

மறுபடி பத்தடி.

"உங்கம்மாகிட்ட சொல்லிடாதே. அந்த விமானத்தை அவ சக்களத்தின்னுதான் சொல்லுவா."

உண்மைதான். ஜெட்டுக்குப் போயிருந்தால் தலைநகரில் வீடு, பாரிஸ் சம்பளம். லார்பி போகவில்லை. கேட்டால், "ஃபோக்கர் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடும்" என்பார். ஃபோக்கரின் ஊதல் சத்தம் கூரைக்கு மேல் போனதும் யம்மா, கோதுமை ரவையை ஆவியில் வேகவைக்கும் அடுக்குக் குஸ்குஸ் பானையில் தண்ணீர் வைப்பாள். முப்பத்தைந்து நிமிடம். ஆவி மேல்தட்டுக்கு வரும்போது வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். "சக்களத்தி கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடியைத் திறப்பாள்.

வீட்டில் பெண்கள் கூட்டம் குறைந்திருந்தது. துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாதென்று அக்கம்பக்கத்தார் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. யம்மா சமையலறை வாசலில் வெள்ளைத் துணி போர்த்தித் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரதுவான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் காலணியில் கபரின் மண் ஒட்டியிருந்தது.

"பின்வாசல் கதவுச் சத்தம் கேட்டுச்சுடா" என்றாள் யம்மா.

அவன் காலணியில் ஒட்டிய மண்ணை விரலால் சுரண்டினான்.

"அப்ப நான் இமாமுக்கு நம்பர் போட்டுட்டிருந்தேன். பேசி முடிச்சு, வச்சுட்டு, தண்ணிகூடக் குடிச்சேன். அப்புறந்தான் நீ கூப்பிட்டே." அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போறப்ப உசிரு இருந்துச்சா?"

கூடத்தில் யாரோ தட்டை நகர்த்தினார்கள்.

"இருந்துச்சு, யம்மா."

"பேசினாரா?"

"நான்தான் பேச வச்சேன். எனக்குத் தெரியாது. நவாலை நான் பாக்கல."

"என்ன சொன்னார்?"

மஸ்ஊத் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. கலிமாவையே மறுபடி சொன்னார் என்றால் போதும். யம்மா இனி வாழப்போகும் வருடங்களெல்லாம் அந்த ஒரு சொல்லின்மேல் தலைவைத்துத் தூங்குவாள். அவன் வாயைத் திறந்தான். கழுவிக் கழுவி வெளுத்த அந்த உதடுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"ஃபோக்கர்னு சொன்னார்."

யம்மா அழவில்லை. தரையில் கையூன்றி எழுந்தாள். அவன் பிடிக்கப் போனான், கையை விலக்கிவிட்டாள்.

சமையலறைக்குள் போய்க் குஸ்குஸ் பானையின் அடிப்பாகத்தை எடுத்தாள். பாதிவரை தண்ணீர் பிடித்தாள். அடுப்பைப் பற்றவைத்து அதன்மேல் பானையை ஏற்றினாள். கூடத்திலிருந்து எட்டிப்பார்த்த அடுத்த வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து, ரதுவானைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

யம்மா மேல்தட்டை வைக்கவில்லை. அடுப்பருகிலேயே நின்றாள். வெறும் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபோதும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.