முதுகில் பட்ட காயம்

மூச்சை அடக்கிக்கொண்டு அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு, பதினேழு. வலது கை அம்மாவின் சலவைக் கடையில் இஸ்திரி மேசைக்கு அடியில் தரையைத் தடவிக்கொண்டே போனது. ஒரு துணிக் கிளிப் தட்டுப்பட்டது, பிறகு ஒற்றைச் செருப்பு, பிறகு யாரோ வாடிக்கையாளரின் ஜோடி பிரிந்த காலுறை. நோட்டைக் காணோம். இடுப்புக்கு மேலே எல்லாம் புகை. தரையோடு முகத்தை ஒட்டி வைத்தால் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் காற்று இருந்தது. பின்னறையில் துணி உலர்த்தும் மெஷின், தனக்குள் தீப்பிடித்திருப்பது தனக்கே தெரியாததுபோலக் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றாள், அழுகையும் ஆத்திரமுமாக. "எங்க இருக்க நீ?"

அவள் கேட்டது நோட்டை. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. அதில் பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தாள். மேலே 'இலக்கியத்தில் வீரம்' என்று தலைப்பு வைத்து இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள். மறுநாள் காலை முதல் பீரியடில் அது இலக்கிய டீச்சரின் மேசைமேல் இருந்தாக வேண்டும். எழுதாமல் வருகிறவர்களை அந்த டீச்சர் அடிக்கமாட்டார், திட்டவும் மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சொல்லு, இந்தத் தடவை என்ன கதை?" என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்பதைவிடப் புகைக்குள் தவழ்வது அவளுக்குச் சுலபமாகப் பட்டது.

விரலில் அட்டை பட்டது. மேசைக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்திருக்கிறது. உருவி எடுத்தாள். அப்போதுதான் பின்னறையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன்க்கா."

தம்பியின் குரல். வீட்டில் 'உருண்டை' என்று கூப்பிடும் ஆறு வயதுக்காரன். எதிர்க்கடைத் தையல்கார மாமாவிடம் பட்டன் டப்பாவோடு உட்கார்ந்திருக்க வேண்டியவன்.

நோட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு தவழ்ந்தாள். ஆமாம், அப்போதும் நோட்டை விடவில்லை. பின்னறை வாசலில், சக்கரம் வைத்த பெரிய கித்தான் தொட்டியில், ஹோட்டல் துண்டுகளின் குவியலுக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. "உருண்டை!" என்று கத்தினாள். கத்துவதற்கு வாயைத் திறந்தாள் அல்லவா, நோட்டு விழுந்தது. அவனை அக்குளில் பிடித்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினாள். ஓடும்போது மெஷினின் புகைக்குழாய்த் தகரம் தோள்பட்டைக்குக் கீழே முதுகில் சூடு இழுத்தது. வெளியே வந்து தெருவில் உட்கார்ந்து இருமி முடித்த பிறகுதான் அந்த எரிச்சலே தெரிந்தது.

"அடிப்பாவிப் பொண்ணே!" தையல்கார மாமா கழுத்தில் இஞ்சு டேப்போடு ஓடி வந்தார். "தம்பியைத் தேடியா உள்ள போன! நான் ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணிக்கிட்டே திரும்பிப் பாக்கறேன், பட்டன் டப்பா கொட்டிக் கெடக்கு, புள்ளையைக் காணோம். எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. அதுக்குள்ள நீ பாய்ஞ்சுட்ட!"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. தெருக்கோடியில் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு அம்மா ஓடிவருவது தெரிந்தது.

அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நடந்ததை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா பக்கத்துத் தெரு ஹோட்டலுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொடுக்கப் போயிருந்தாள். இவள் கடையைப் பார்த்துக்கொண்டு இஸ்திரி மேசைமேல் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். கருகிய வாடை வந்ததும் பேனாவைப் போட்டுவிட்டு, நாற்காலியைத் தட்டிவிட்டு, முதல் ஆளாக வெளியே ஓடினாள். மாமா தன் கடையிலிருந்து, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கத்தினார். "யாரும் இல்ல மாமா!" என்று இவளும் கத்தினாள். அப்புறம்தான் நோட்டு ஞாபகம் வந்தது.

தீயணைப்பு வண்டி வந்து பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. மெஷினின் புகைக்குழாய்க்குள் பல நாளாகச் சேர்ந்த பஞ்சுத் தூசிதான் பற்றியிருக்கிறது. மெஷினும் ஒரு சுவரும் போயின, மற்றபடி சேதம் குறைவு. நோட்டு தண்ணீரில் ஊறி நீலக் கூழாகிவிட்டது. வந்தவர்களில் மூத்த தீயணைப்புக்காரர் மட்டும் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இந்த வேலைக்குத்தான்மா நாங்க இருக்கோம். இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா முதுகுல நானே ஒண்ணு வைப்பேன்." அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது அந்தத் திட்டு ஒன்றுதான்.

மறுநாள் முதல் வாடிக்கையாளர்கள் துணி கேட்டு வந்தார்கள். வந்தவர்களுக்குத் துணியோடு கதையும் கிடைத்தது. உருண்டை கல்லாப் பக்கத்து முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"நான் தொட்டியில தூங்கிட்டு இருந்தேனா. ஒரே புகை. அக்கா 'எங்கடா இருக்க, எங்கடா இருக்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தா. நான் 'இங்கதான் இருக்கேன்'னேன். தூக்கிட்டா."

இது முதல் நாள் கதை. இரண்டாம் நாள் நெருப்பு கூரையைத் தொட்டது. மூன்றாம் நாள் அக்கா மெஷினைத் தாண்டிக் குதித்தாள். நான்காம் நாள் ஒரு பாட்டி பேத்தியின் பாவாடையும் தாவணியும் வாங்க வந்தபோது, நெருப்பு வாயைத் திறந்து பேசவே ஆரம்பித்துவிட்டது.

"நெருப்பு பேசிச்சா? என்னடா சொல்லிச்சு?" என்றாள் அம்மா, துணியை மடித்துக்கொண்டே.

"'வராதே'ன்னுச்சு. அக்கா 'போடா'ன்னுட்டா."

பாட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் புத்தகம் புத்தகமாகப் படித்தவள்தான். கதை இப்படித்தான் உருவாகிறது என்பதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தாள். அந்தக் காலத்தில் போருக்குப் போனவனும் ஒருவேளை மறந்து வைத்த எதையோ எடுக்கத்தான் திரும்பிப் போனானோ என்னவோ. பார்த்த ஒருத்தன் முக்காலியில் ஏறியிருப்பான்.

கூழாகிப்போன கட்டுரையின் வரிகள் அவளுக்கு மனப்பாடம். வீரன் என்பவன் ஆபத்தைத் தெரிந்துகொண்டு, யாருக்காக என்பதையும் தெரிந்துகொண்டு போகிறவன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். பழைய போர்ப் பாட்டுகளில் மார்பில் பட்ட காயத்துக்குத்தான் பெருமை, முதுகில் பட்டால் அவமானம் என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தாள். இப்போது தினமும் ராத்திரி அம்மா அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் களிம்பு தடவினாள். "நீ மட்டும் போகலேன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போய்விடுவாள். அந்தக் கைக்குக் கீழே படுத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

கட்டுரை விஷயமாக டீச்சரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"டீச்சர், நான் கட்டுரை நோட்டை எடுக்கத்தான் உள்ள போனேன். அவன் இருந்தது எனக்குத் தெரியாது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் இந்த முறை கதை கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சரைப் பார்த்து, "பாத்தீங்களா? ஒத்துக்கவே மாட்டேங்கறா" என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "நீ எழுதவே வேணாம்மா, செஞ்சே காட்டிட்டியே. திங்கக்கெழமை அசெம்பிளியில தம்பியையும் கூட்டிட்டு மேடைக்கு வா. அவன் சொல்லட்டும், எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

வீரன் தன் வீரத்தைத் தானே பேசமாட்டான் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியதும் அவள்தான். இப்போது இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அது ஆமாம் ஆமாம் என்றே மற்றவர்கள் காதில் விழுந்தது.

கடையில் புது மெஷின் வந்து இறங்கியது. அம்மா பொத்தானை அமுக்கியதும் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான், அதன் பிறகு அவளால் பின்னறை வாசலைத் தாண்டிக் காலை வைக்க முடியவில்லை. துண்டுகளை எடுத்துத் தரச் சொன்னால் உருண்டையை அனுப்பினாள். அவன் ஒன்றுமே நடக்காததுபோலப் போய் எடுத்து வந்தான்.

"நெருப்பையே 'போடா'ன்ன பொண்ணு, மெஷினைக் கண்டா பம்மறியே" என்று மாமா கிண்டல் செய்தார். அவள் சிரித்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மேல்வீட்டு அறையில் விளக்கை அணைத்தாகிவிட்டது. சுவரோரக் கட்டிலில் அவள் குப்புறப் படுத்திருந்தாள். கீழே பாயில் உருண்டை மல்லாந்து படுத்து, நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எங்கக்கா, எல்லாரும் தடுத்தும் கேக்காம..."

"யாரும் தடுக்கலடா."

"மாமா தடுத்தாரே?"

"இல்ல. என்னைப் பாக்கக்கூட இல்ல அவர். போன்ல இருந்தார்."

"சரி, அதை எடுத்துடறேன்." அவன் கொஞ்சம் யோசித்தான். "முதுகுல ஏன் காயம்னு கேட்டா, நெருப்பு பின்னாடியே தொரத்துச்சுன்னு சொல்லவா?"

நானூறு பேர் நிற்பார்கள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவளை அண்ணாந்து பார்ப்பான். சொன்னால் இப்போது சொல்ல வேண்டும். நாளைக்கு அது கடைக் கதையாக இராது, கெட்டிப்பட்டுவிடும். சொன்ன பிறகு இவன் தன்னை எப்படிப் பார்ப்பான்? புகைக்குள் எண்ணியதுபோல மூச்சை அடக்கி எண்ணினாள். பதினாறு, பதினேழு.

"உருண்டை, நான் ஒண்ணு சொல்லட்டா? அழக்கூடாது."

"ம்."

"நான் உன்னைத் தேடி வரல."

பாயில் அவன் கட்டில் பக்கம் தலையைத் திருப்பினான்.

"நோட்டைத் தேடி வந்தேன். டீச்சருக்குப் பயந்துக்கிட்டு. நீ உள்ள இருக்கேன்னே எனக்குத் தெரியாது. மாமா கேட்டப்ப உள்ள யாரும் இல்லன்னுகூடச் சொல்லிட்டேன்."

"எங்க இருக்கன்னு கூப்பிட்டியே?"

"நோட்டைத்தான் கேட்டேன்."

"நோட்டு எப்படிப் பதில் சொல்லும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சொல்லாதுதான். நான் பாட்டுக்குப் புலம்பினேன். நீ பதில் சொன்ன."

"அப்புறம் நோட்டு கெடைச்சுதா?"

"கெடைச்சுது. பல்லுல கவ்விக்கிட்டேன். உன்னைப் பாத்ததும் கத்தினேன், விழுந்துடுச்சு."

"நீயா போடலையா?"

"தெரியலடா. விழுந்துடுச்சு."

அவன் புரண்டு படுத்தான். கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அழுகிறானோ என்று கையை நீட்டி அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். முகம் ஈரமாக இல்லை.

"அக்கா, நானும் ஒண்ணு சொல்லட்டா? அம்மாகிட்ட சொல்லக்கூடாது."

"சொல்லு."

"நான் தூங்கல. மாமாவோட பட்டனையெல்லாம் கலந்துட்டேனா, கொட்டிப்போச்சு. அடிப்பாரோன்னு பின்பக்கக் கதவு வழியா வந்து தொட்டியில ஒளிஞ்சுக்கிட்டேன். நீ ஓடினது கேட்டுச்சு. புகை வந்ததும் தெரிஞ்சுது. வெளிய வந்தா மாமா நிப்பாரேன்னு வரல."

"பட்டனுக்காகவா?" அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முதுகு சுரீரென்றது. "லூசு! செத்திருப்பியேடா!"

"நீ மட்டும் நோட்டுக்காக வந்த!"

இருவரும் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த அறையிலிருந்து அம்மா, "இன்னும் தூங்கலையா ரெண்டும்? காலையில மேடை ஏறணும்" என்று குரல் கொடுத்தாள். சிரிப்பு நின்றது.

"அப்ப நாளைக்கு என்ன சொல்றது?" என்று கிசுகிசுத்தான்.

"நடந்ததைச் சொல்லலாம். நீ வேணாம், நானே சொல்றேன். நோட்டுன்னு சொல்லிடறேன். உன் பட்டனைச் சொல்லமாட்டேன்."

"பட்டனையும் சொல்லு. அப்பதான் நல்லா இருக்கும்." கதை சொல்கிறவனின் அக்கறையோடு சொன்னான். பிறகு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் கண்ணை மூடினாள். சொல்லிவிட்டதில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. இந்த ஆறு நாளாக, துண்டு மடிக்கும்போதும் பல் துலக்கும்போதும் அவள் மனசுக்குள் அந்தத் தெருவில் திரும்பத் திரும்பப் போய் நின்றாள். கதவு திறந்திருக்கிறது, புகை வருகிறது, உள்ளே அவன் இருப்பது இந்த முறை தெரிந்திருக்கிறது. சில தடவை கால் தானாக ஓடியது. சில தடவை, பின்னறை வாசலில் நிற்பதுபோல, அங்கேயே நின்றுவிட்டது.

"அக்கா."

"தூங்கலையா நீ?"

"நோட்டு உன் கையிலேயே இருந்து, நான் உள்ள இருக்கேன்னு மாமா வந்து சொல்லியிருந்தா, நீ வந்திருப்பியா?"