மொட்டுக்குள் இருந்தது

போர் முடிந்த சில வருடங்களில் தம்பா மலைப்பக்கத்துப் முள் ஓட்டுக்குள் கொட்டை காய்க்கும் பழைய கஷ்கொட்டை மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. எறும்பைவிடச் சின்னதான ஒரு கறுப்புக் குளவிதான் காரணம். கோடையில் மொட்டுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். புழு உள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் தளிர் வரவேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கழலை புடைக்கும். அதற்கப்புறம் அந்தக் கிளையில் பூவும் இல்லை, காயும் இல்லை.

பிறகு புது ரகம் வந்தது. குளவி அதிலும் முட்டையிட்டது. ஆனால் புழுவைச் சுற்றியுள்ள சதையை மரம் தானே கருக்கிக்கொள்ளும். தின்ன ஒன்றுமில்லாமல் புழு செத்துப்போகும். எங்கள் ஊரில் அந்த ரகத்தை முதலில் ஒட்டுக் கட்டியவள் மிசாவோ. போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. மகள் சுஸுயோவை வைத்துக்கொண்டு தனியாகத் தோப்பைப் பார்த்தவள். அவளைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் மாறினோம். பல வருடம் ஒரு கழலையைக்கூடக் காணவில்லை.

ஓர் ஏப்ரல் காலையில், தோப்பின் வடக்கு ஓரத்தில் அவள் அதைப் பார்த்தாள். பட்டாணி அளவில், குழந்தையின் உதடுபோல் சிவந்து. வேறு ஏதாவதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கிள்ளி நகத்தால் பிளந்தாள். உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. அடுத்த கிளையைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

விவசாய நிலையத்திலிருந்து நிவா என்ற அதிகாரி வந்தார். விரியாமல் நின்றுபோன மொட்டுகளைச் சவரக்கத்தியால் கீறிக்கொண்டே போனார். பலவற்றில் புழு கறுத்துச் செத்திருந்தது. சிலவற்றில் உயிரோடு இருந்தது.

"இந்த மரம் புழுவைக் கொன்னுடும்னுதானே சொன்னீங்க?" என்றாள் மிசாவோ.

"கொன்னுச்சும்மா. இத்தனை வருஷமா கொன்னுச்சு. எங்கயோ ஒண்ணு மட்டும் சாகாம தப்பிச்சிருக்கு. இந்தக் குளவியில ஆணே கிடையாது. தப்பிச்சது தனியாவே முட்டை போடும். பொறக்கிறதெல்லாம் அந்தத் தாய் மாதிரியே இருக்கும். நாமளும் மலை பூரா இதே மரத்தை வச்சுட்டோம். மத்ததெல்லாம் செத்துச்சு, இதுக்கு மட்டும் விருந்து."

"குளிர்காலத்துல வெட்டின ஒட்டுக் குச்சியில இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். யாருக்காவது குடுத்தீங்களா?"

மிசாவோ கணவாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிப்ரவரியில் ஒரு கட்டுக் குச்சியை ஈரப் பாசியில் சுற்றி, கணவாய்க்கு அப்பால் சுஸுயோவின் புகுந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். போன இலையுதிர் காலத்தில்தான் கல்யாணம். மாமியார் தோகு மல்பெரிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒட்டுக் கட்டக் கன்றுகள் நட்டு வைத்திருந்தாள். வாயில் நெருப்பு வைத்திருப்பவள் என்று அவளுக்குப் பெயர்.

மிசாவோ கணவாய் ஏறும் பஸ்ஸைப் பிடித்தாள். மரம் போனால் போகட்டும். மகளைத் திருப்பி அனுப்பிவிட்டால்? அந்த மலைக்கே கேடு கொண்டுவந்தவளின் மகள் என்று ஊரே சொல்லும்.

அம்மாவைக் கண்டதும் சுஸுயோ ஓடிவந்தாள். கையைப் பிடித்துக் குளியலறைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போய், மேலங்கிப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே சிவப்புக் கழலைகள்.

"தினமும் கிள்ளி எடுத்துடறேம்மா. அத்தை பார்த்துட்டா என்ன ஆகும்னு நெனச்சாலே கை நடுங்குது."

"கிள்ளி எங்க போட்டே?"

"எருக்குழியில."

மிசாவோ எருக்குழிப் பக்கம் திரும்பினாள். "ஐயோ, அங்கேருந்தும் பறக்குமேடி."

"எது பறக்கும்?"

தோகு பின்னால் நின்றிருந்தாள். கையில் மண்வெட்டி. மிசாவோ மண்ணில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்த பின்னும் நிமிரவில்லை. மண்வெட்டியின் நிழல் மட்டும் மிசாவோவின் கண்ணில் பட்டது.

"எந்திரிங்க சம்பந்தி. மண்ணுல விழுந்து அழுதா குளவி இரக்கப்படுமா? எப்போ பறக்கும்னு சொல்லுங்க."

"ஜூன் மழையோட."

"அப்போ இன்னும் நேரமிருக்கு." மருமகள் பக்கம் திரும்பினாள். "நான் உன்னைக் கடிச்சுத் தின்னுடுவேன்னு நெனச்சியா?"

"கொஞ்சம் அப்படித்தான் நெனச்சேன், அத்தை."

தோகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்வெட்டியை மருமகளிடம் நீட்டினாள்.

மூன்று பெண்களும் ஒட்டுக் கன்றுகளையெல்லாம் வேரோடு பிடுங்கினார்கள். எருக்குழியை அடிவரை தோண்டி, வைக்கோல் போட்டு எல்லாவற்றையும் எரித்தார்கள். கடைசிக் கன்றைத் தீயில் போடும்போது தோகுவின் கையும் நடுங்கியதை மிசாவோ பார்த்தாள். அதுவரை பயம் தன்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் எங்கள் ஊர்த் தோப்புகள் கழலைகளால் சிவந்து நின்றன. மிசாவோ பாதி மரங்களை வெட்டிவிட்டாள். நிவா வேறொரு ரகத்தைக் கொண்டுவந்தார்.

"இது எவ்வளவு காலம் தாங்கும்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார் அவர். அந்தப் பதிலுக்காகவே அவரை நம்பி அதை ஒட்டுக் கட்டினாள். பக்கத்து வரிசையில் வேறு இரண்டு ரகங்களையும் கலந்து வைத்தாள்.

கணவாய்க்கு அப்பால் அந்த வருடம் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. அதன் பிறகு, காட்டோரத்துக் கஷ்கொட்டை மரமொன்றில் ஒரு கழலை வந்தது. எரித்த குழியில் தப்பியதா, காற்றோடு மலை தாண்டி வந்ததா, யாருக்கும் தெரியாது. மிசாவோ போனபோது தோகு அந்தக் கிளையை வளைத்துக் காட்டினாள்.

"காத்துதான்" என்றாள் தோகு. ஊரில் யார் கேட்டாலும் அவள் அதையே சொன்னாள்; சம்பந்தி தந்த குச்சியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மிசாவோ தலையாட்டினாள். பக்கத்துக் கிளையை இழுத்து, விரியாத மொட்டு ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிளக்காமல் நின்றாள்.