கண்பட்ட தீவு

எங்கள் தீவின் கோட்டை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனது. வெளியூர்க்காரர்களுக்கு அது நன்றாகவே தெரிந்தது. கப்பலில் வந்தவர்கள் குன்றின் மேல் ஏறி, எங்களுக்கு வெறும் வானமாகத் தெரிந்த இடத்தில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் போய்த் தடவிப் பார்த்தோம். கல் இருந்தது, வெயிலில் சுட்டது. ஆடு ஓட்டிப் போனவர்கள் சுவரில் முட்டி நெற்றி வீங்கித் திரும்பினார்கள். காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் ஒரு பயணி கோட்டையை வாயாரப் புகழ்ந்துவிட்டுத் துப்பாமல் போயிருக்கிறான். எதை அழகு என்று சொன்னாலும் கையோடு மூன்று முறை துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அந்தக் கோடைக்குள் கூழாங்கல் கடற்கரை போனது. அடுத்த கோடையில் மேலூர் கிராமமே போனது. மேலூர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசலைக் கையால் துழாவித்தான் கண்டுபிடித்தார்கள். பயணிகளை இந்த மூன்று இடங்களுக்கும் கூட்டிப்போவது கலோமிராவின் வேலை. தன் கண்ணுக்குத் தெரியாத கோட்டையை நோக்கிக் கையை நீட்டி, எந்த அரசன் எந்தச் சுவரைக் கட்டினான் என்று பிசகாமல் சொல்வாள். பஸ் ஓட்டுகிற பந்தெலிஸின் பாடுதான் திண்டாட்டம்.

"கலோமிரா, முன்னால இருக்கிறது வாசலா, சுவரா? பாத்துச் சொல்லு தாயி, போன தடவையே முன்பக்கம் நசுங்கிப்போச்சு."

"என்னை ஏன்யா கேக்குற? பின்னால சிவப்புத் தொப்பி போட்டவரைக் கேளு. அவருக்குத்தான் கண்ணு இருக்கு."

யாராவது எதையாவது புகழ்ந்தால் கலோமிரா முகத்தைத் திருப்பி, அவர்களுக்காகத் தானே துப்பிவிடுவாள். மூச்சு விடும் நேரத்துக்குள் துப்பினால்தான் பலிக்கும். வாய் வறண்டுவிடாமல் இருக்க எலுமிச்சைத் துண்டைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பாள். துறைமுகமும் தேவாலயமும் இன்றைக்கும் எங்களுக்குத் தெரிகிறதென்றால் அது அவள் எச்சிலின் தயவு.

ஆனால் அவள் பயமெல்லாம் கல்லையும் மணலையும் பற்றியது அல்ல. அவளுக்கு அந்தூலா என்று ஒரே மகள். பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லும் முகம். சொல்லிவிட்டேன், து து து. கோடை முழுக்க அந்தப் பெண்ணின் கன்னத்தில் கரியைப் பூசி, பழைய சட்டையை மாட்டி, வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாள். கப்பலின் சங்கு கேட்டால் கலோமிரா ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள்.

ஆகஸ்டில் மாதாவின் திருநாள் வந்தது. அன்று பிள்ளையைக் கரி முகத்தோடு நற்கருணை அப்பம் வாங்கக் கூட்டிப்போக முடியாது. குளிப்பாட்டி, வெள்ளை உடுப்பு போட்டுக் கூட்டிப்போனாள். தேவாலய முற்றத்தில் ஊரே நின்றது. நீல உடுப்புக்காரப் பயணி ஒருத்தி குனிந்து அந்தூலாவின் மோவாயைப் பிடித்து, தன் மொழியில் "என்ன அழகு!" என்றாள். கலோமிரா துப்பினாள். ஒன்றும் வரவில்லை. நற்கருணைக்கு முன் எங்களில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டோம். எலுமிச்சை பையில் கிடந்தது. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து துப்பினோம். எல்லார் வாயிலிருந்தும் வெறும் காற்றுதான் வந்தது. அவள் எலுமிச்சையைக் கடித்தபோது காலம் தாண்டிவிட்டது.

"அம்மா, ஏன் எங்கயோ பாக்குற? நான் இங்கதான நிக்குறேன்."

"பேசிக்கிட்டே இரு கண்ணு. கையை விட்றாத."

"அம்மா, என் கை எனக்கே தெரியலம்மா!"

அந்தக் கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. பாதிரியார் மந்திரித்தார். தண்ணீரில் எண்ணெய் விட்டுக் கண்ணேறு கழித்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. என்ன உடுத்தினாலும் உடுத்தின கணமே அதுவும் மறைந்தது. கலோமிரா தன் இடுப்பையும் மகள் இடுப்பையும் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டாள். தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. குளிர்காலத்தில் கப்பல் இல்லை, பயணிகள் இல்லை, பிள்ளையைப் பார்க்கத் தீவில் ஒரு கண் இல்லை. ஒருமுறை அந்தூலாவுக்குக் காய்ச்சல் கண்டது. முகம் வெளிறியிருக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று தெரியாமல் கலோமிரா அந்த நெஞ்சின் மேலேயே காதை வைத்துக் கிடந்தாள்.

வசந்தத்தின் முதல் கப்பல் வந்தபோது துறைமுகத்தில் முதல் ஆளாக அவள்தான் நின்றாள், கயிற்றைப் பிடித்தபடி. முதலில் இறங்கிய வெளியூர்க் கிழவரிடம் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பெண் எப்படி இருக்கிறாள் என்று அவர் மொழியில் கேட்டாள். அவர் கயிற்றின் மறுமுனையை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றது காற்று.

"இளைச்சுப்போயிருக்கியாம். தலைமுடி பழுப்பா மாறிக்கிட்டு வருதாம். அப்புறம்..." அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "கண்ணை எடுக்காம என்னையே பாக்குறியாம்."

கிழவர் ஏதோ புகழ வாயெடுத்தார். கலோமிரா பையிலிருந்து ஒரு எலுமிச்சைத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். எதற்கு என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் சொன்னபடியே அவர் அதைக் கடித்து, புகழ்ந்த கையோடு மூன்று முறை துப்பினார். பிறகு எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள், பந்தெலிஸ் வழி கேட்டுக்கொண்டே கோட்டைக்கு ஓட்டினான்.